பால் கலப்படமும் பொய் லேபிளும்: தண்டனை கடுமையாக இருந்தும் ஏன் ஓயவில்லை?

கேள்வி
எழுதியவர்: நுகர்வோன்

அனைவருக்கும் வணக்கம். பாலிலும் பால் பொருள்களிலும் கலப்படம் செய்வோர் மீதும், உள்ளே இருப்பது ஒன்றாகவும் லேபிளில் அச்சிட்டிருப்பது வேறொன்றாகவும் விற்போர் மீதும் அரசுகள் எடுக்கும் நடவடிக்கைகளைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். 2008ஆம் ஆண்டு சீனாவில் குழந்தைகளுக்கான பால்பவுடரில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்த விவகாரத்தில் ஏறத்தாழ 2,94,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசே அறிவித்தது. குற்றவாளிகள் இருவருக்கு 2009 நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பால் நிறுவனத்தின் தலைவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதைவிடக் கடுமையான தண்டனையை எந்த நாடும் தர முடியாது. ஆனால் அந்தத் தண்டனைகள் அனைத்தும் பச்சிளம் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் சேர்ந்த பிறகு வந்தவை. படிக்கும்போது மனம் மிகவும் கனத்தது.

தண்டனையைக் கூட்டினால் கலப்படம் குறையுமா, அல்லது அரசின் நடவடிக்கை வேறு எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமா? இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கலந்த பாலும், யூரியா கலந்த பாலும், தாவரக் கொழுப்பில் செய்து வெண்ணெய் என்று எழுதி விற்கப்படும் பொருளும் சட்டத்தின் பார்வையில் ஒரே குற்றமா? இத்துறையில் பணிபுரிவோர் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். எல்லோரும் திருடர்கள் என்று சொல்லி முடித்துவிடும் பதில்கள் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதில்
எழுதியவர்: ஆய்வுக்கூடம்

பால் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்படத் தடுப்பு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. பாலை அளந்து பணம் கொடுக்கும் இடத்தில் தொடங்குகிறது. எந்த அளவை வைத்துப் பாலுக்கு விலை போடுகிறார்களோ, அந்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் கலப்படம்தான் அங்கே பிறக்கும்.

பாலை எடையைப் பார்த்து மட்டுமே வாங்கிய காலத்தில் தண்ணீர் ஊற்றியவரும், ஏட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தவரும், நேர்மையாகக் கறந்ததைக் கறந்தபடி கொடுத்தவரும் ஒரே விலையைப் பெற்றார்கள். 1890இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீஃபன் பாப்காக் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் கொழுப்பைத் தவிர மற்றவற்றைக் கரைத்து, குடுவையை வேகமாகச் சுழற்றினால், கொழுப்பு மட்டும் மேலேறி அளவுக்கோடு போட்ட குறுகிய கழுத்தில் வந்து நிற்கும். கோட்டைப் பார்த்துச் சதவீதத்தைப் படித்துவிடலாம். அவர் அதற்குக் காப்புரிமை வாங்காமல் பொதுவில் விட்டார். கொழுப்புக்கு ஏற்ப விலை என்று ஆனதும், எந்த ஆய்வாளரும் வந்து நிற்காமலேயே, தண்ணீர் ஊற்றுவது ஊற்றியவருக்கே நட்டமாகிவிட்டது. அரசின் எந்தச் சட்டத்தையும்விட அந்தக் குடுவை அதிகம் சாதித்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே வழி எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதைத்தான் மெலமைன் காட்டியது. பாலின் புரதத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் முறை, 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கியது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலுக்கு என்றால் அதை 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதே இல்லை. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு லிட்டர் பாலில் 32 கிராம் புரதம் இருப்பதாகக் கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தால் புரதம் 29 கிராமுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஒரு கிராம் மெலமைனோ சோதனையில் ஏறக்குறைய 4.25 கிராம் புரதமாகத் தோன்றும். ஆகவே லிட்டருக்கு முக்கால் கிராம் தூளைப் போட்டால் ஊற்றிய தண்ணீர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இந்தக் கணக்கு ஆய்வுக்கூடங்களில் இருந்த எங்களில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. பாலில் அந்தப் பொருளைத் தேடும் வழக்கம்தான் அப்போது இல்லை.

இதில் அரசின் பங்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சிக்கிய முதன்மையான நிறுவனம், நல்ல பெயர் பெற்றது என்பதற்காகவே அரசின் தர ஆய்விலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. தன் பாலைத் தானே சோதித்துத் தானே சான்றளிக்கும் நிலையைப் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்த நியூசிலாந்தின் ஃபான்டெரா என்ற பால் நிறுவனத்துக்கு 2008 ஆகஸ்ட் 2ஆம் தேதியே தகவல் தெரிந்தது. உள்ளூர் அதிகாரிகளிடம் பேசிப் பயனில்லாமல் போக, நியூசிலாந்து அரசு செப்டம்பர் 8ஆம் தேதி பெய்ஜிங்குக்கு நேரடியாகத் தெரிவித்த பிறகுதான் வேகம் பிறந்தது; பொதுமக்களுக்கு அறிவிப்பு வந்தது செப்டம்பர் 11ஆம் தேதி. இடைப்பட்ட நாள்களில் எத்தனை தாய்மார் அந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு எடுத்த சோதனையில் 22 நிறுவனங்களின் பொருள்களில் மெலமைன் அகப்பட்டது. ஆய்வு விலக்கு முறை அந்த மாதமே ஒழிக்கப்பட்டது. புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2009 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்கான பால்பவுடரில் மெலமைன் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உலக அளவிலான வரம்பை, உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் ஆணையம் 2010இல்தான் வகுத்தது.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்யும் பெரும்பாலான சோதனைகள் ஏற்கெனவே அறிந்த கலப்படத்தைத் தேடுபவை. புளிக்கத் தொடங்கிய பாலில் சோடா உப்பைப் போட்டு மறைத்திருந்தால் ரோசாலிக் அமிலம் ரோஜா நிறம் காட்டும். மாவு இருந்தால் அயோடின் நீலமாகும். பாலின் உறைநிலை சுழியத்துக்குக் கீழே அரை டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது சுழியத்தை நோக்கி நகரும். இதை அறிந்தவர்கள் உப்பையோ சர்க்கரையையோ யூரியாவையோ சேர்த்து உறைநிலையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு சோதனையை நம்பி நடக்கும் எந்த அமலாக்கமும் அந்தச் சோதனையில் தேறும் போலியைத்தான் வளர்க்கும். எந்த நாளில் எந்தச் சோதனை என்று பால் கொடுப்பவருக்கும் இடைத்தரகருக்கும் தெரியாதபடி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியமானது, டேங்கரில் கொட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவர் பாலிலிருந்தும் மாதிரி எடுத்து முத்திரையிட்டு வைப்பது. நூறு பேர் பால் ஒன்றாகக் கலந்த பிறகு தவறு செய்தவரைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது. நேர்மையான தொண்ணூற்றொன்பது பேரின் பாலும் சேர்ந்து வீணாவதுதான் மிச்சம்.

பதில்
எழுதியவர்: சட்டப்பணி

முந்தைய பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நீதிமன்றத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வழக்கு எப்படித் தோற்கிறது என்று பார்த்தால்தான் அமலாக்கம் எங்கே நொண்டுகிறது என்பது புரியும். எனக்குத் தெரிந்த இந்தியச் சட்டத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில், பாலில் கொழுப்பு நிர்ணயித்த அளவைவிடச் சிறிது குறைந்தாலும் அது கலப்படமாகவே கொள்ளப்பட்டது. குறைந்தது ஆறு மாதச் சிறை என்பதே பொது விதியாக இருந்தது. கேட்பதற்குக் கடுமையான சட்டம். நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதற்கு 1960களில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு தயிர் வழக்கு நல்ல சான்று. 1961 செப்டம்பரில் மாதிரி எடுக்கப்பட்டது. வழக்குத் தொடுக்கப்பட்டது 1962 மே மாதத்தில். குற்றம் சாட்டப்பட்டவர், சட்டம் தனக்குத் தந்த உரிமைப்படி, தன்னிடம் இருந்த பகுதியை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டார். அதற்குள் அது சோதிக்க முடியாத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. மறு ஆய்வு கேட்கும் உரிமையை அரசின் தாமதமே பறித்துவிட்டதால் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். கெட்டுப்போகும் பொருளைச் சான்றாகக் கொண்ட வழக்கில் தாமதம் என்பது நிரபராதிக்கும் கேடு, அரசுத் தரப்புக்கும் கேடு. தண்டனை கடுமையாக இருக்க இருக்க, நீதிபதிகள் நடைமுறையின் ஒவ்வொரு படியையும் துருவிப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றது. அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது. அவர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்தால் மற்றொரு பகுதி மேல் ஆய்வகத்துக்குப் போகலாம். இந்தக் கால வரம்புகளைக் கட்டிக் காப்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இச்சட்டத்தின்படி அவை ஒரே குற்றம் அல்ல. தண்ணீர் கலந்து சத்துக் குறைந்த பால், உடலுக்குக் கேடில்லாதவரை, தரக்குறைவான உணவு; அதற்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் பொய்யானால் 3 லட்சம் வரை அபராதம். இவ்விரண்டையும் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத தீர்ப்பளிக்கும் அதிகாரியே விசாரித்து முடிக்கலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கத் தேவையில்லை. பாதுகாப்பற்ற உணவு என்று வந்தால்தான் சிறை. அதனால் உயிர் போனால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. சிறிய தவறுக்கு விரைவான, தப்பிக்க முடியாத அபராதம், பெரிய தவறுக்குச் சிறை என்ற இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதும் இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள். 2011இல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வில் 1,791 மாதிரிகளில் 68.4 சதவீதம் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்றதும், மூன்றில் இரண்டு பங்குப் பால் நஞ்சு என்பதைப் போலப் பேசப்பட்டது. உண்மையில் அவற்றில் பெரும்பகுதியின் குறை, தண்ணீர் சேர்ந்து கொழுப்பும் திடச்சத்தும் குறைந்திருந்ததுதான். 2018ஆம் ஆண்டின் ஆய்வில் 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. பாலைப் பாதுகாப்பற்றதாக்கும் கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சண நச்சு வரம்பை மீறியிருந்தது. அதை யாரும் ஊற்றவில்லை. பூஞ்சணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்தது. காய்ச்சினாலும் அது போகாது. கலப்படக்காரரைத் தேடும் அதிகாரி அங்கே கைது செய்வதற்கு ஒருவரும் இல்லை. தீவனக் கிடங்கையும் ஆய்வு செய்யும் அதிகாரம் அமலாக்கத்துடன் இணையாதவரை இந்த எண்ணிக்கை குறையாது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்
எழுதியவர்: லேபிள்விதி

பொய் லேபிளை எப்போதும் சிறிய குற்றமாகவே வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மெலமைனுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2004இல், அதே சீனாவின் ஃபூயாங் பகுதியில் குழந்தைகள் தலை மட்டும் வீங்கி உடல் மெலிந்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த பவுடரின் கேடு அதில் என்ன இருந்தது என்பதில் இல்லை. புரதம் ஏறக்குறைய இல்லாமல் போனதில் இருந்தது. குழந்தைக்கான முழு உணவு என்று லேபிள் சொன்ன பொய்யை நம்பி வேறு எதையும் கொடுக்காமல் விட்டதால் குழந்தைகள் பால் குடித்துக்கொண்டே பட்டினியில் இறந்தார்கள். யாருக்கு அது ஒரே உணவோ அவர்களுக்கான பொருளில் லேபிள் பொய்யானால் அதைக் கொலைக்குற்றத்துக்கு அருகில் வைக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன இந்தியச் சட்டத்திலும், தரமோ சத்தோ குறைந்து கேடு விளைவித்தால் பாதுகாப்பற்ற உணவாகக் கொள்ள வழி இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

மறுபக்கம், பால் லேபிள் சட்டங்களை நுகர்வோருக்காக அன்றிப் போட்டியை அடக்குவதற்காகப் பயன்படுத்திய வரலாறும் நீண்டது. 1869இல் பிரான்சில், வெண்ணெய்க்கு மாற்றாக வேறு கொழுப்பில் செய்யும் மார்கரின் கண்டுபிடிக்கப்பட்டது. அதை வெண்ணெய் என்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை; தடுக்க வேண்டியதும் உண்மை. ஆனால் அமெரிக்கா 1886இல் மார்கரின் மீது பவுண்டுக்கு 2 சென்ட் வரி விதித்தது. 1902இல் மஞ்சள் நிறமிட்டதற்கு 10 சென்ட் ஆக்கியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு படி மேலே போய், மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்றது. வாங்குவோர் அருவருத்து ஒதுக்கட்டும் என்பது தவிர அதற்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றம் 1898இல் அதை நீக்கியது. கனடா 1886 முதல் 1948 வரை, முதல் உலகப் போரை ஒட்டிய சில ஆண்டுகள் தவிர, மார்கரினையே தடை செய்திருந்தது. ஒவ்வொரு சட்டமும் மோசடித் தடுப்பு என்ற பெயரில்தான் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகிய பெயர்கள் விலங்குப் பாலுக்கே உரியவை. 2017 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், சோயாவில் செய்ததைப் பாலாடைக்கட்டி என்று அழைக்கக் கூடாது, பக்கத்தில் தாவரம் என்று தெளிவாக எழுதினாலும் கூடாது என்று தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்று வழக்கத்தில் ஊறிய பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானது அல்ல. பெட்டியின் முன்பக்கத்தில் சோயா என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பவரையும், பாமாயிலைக் கலந்துவிட்டுத் தூய வெண்ணெய் என்று அச்சிடுபவரையும் ஒரே அதிகாரி ஒரே நேரத்தைச் செலவிட்டுத் துரத்தும் நிலை நல்லதல்ல. ஆய்வாளர்கள் எங்கும் குறைவுதான். அவர்களது நேரம், வாங்குபவர் உண்மையிலேயே ஏமாந்த இடத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: நுகர்வோன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்டனையின் அளவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, மாதிரி எந்த இடத்தில், எவ்வளவு விரைவாக எடுக்கப்படுகிறது என்பதே முதன்மையானது என்று இப்போது விளங்குகிறது. கடைசியாக ஒன்று கேட்கிறேன். அதிகாரி வரும்வரை காத்திராமல், வாங்கும் ஒருவர் தானே ஒரு பொருளைச் சட்டம் ஏற்கும் முறையில் சோதனைக்கு அனுப்ப முடியுமா? வீட்டில் அயோடின் சொட்டுவிட்டுப் பார்த்ததைக் கொண்டு புகார் கொடுத்தால் அது நிற்குமா?

பதில்
எழுதியவர்: சட்டப்பணி

வீட்டுச் சோதனை உங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்தலாம், சான்றாக நிற்காது. ஆனால் 2006ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, அதிகாரி அல்லாத எவரும் தான் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள வழி தருகிறது. 14 நாள்களுக்குள் அறிக்கை கிடைக்க வேண்டும். பொருள் சட்டத்துக்கு முரணானது என்று தெரியவந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு நிபந்தனையைப் பலரும் தவறவிடுகிறார்கள்: சோதனைக்கு அனுப்பப் போவதாக, வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும். ரசீதை வாங்குங்கள். பிரிக்காத பாக்கெட்டாக, ஒரே தொகுதி எண் கொண்டவையாக ஒன்றுக்கு மேல் வாங்கி, அவற்றைக் குளிர்ச்சியில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க முயலுங்கள். பிரித்த பாக்கெட்டில் மிஞ்சியதைக் கொண்டுபோனால், வீட்டில் என்ன சேர்ந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்விக்கே உங்களால் பதில் சொல்ல முடியாமல் போகும். உடல்நலக் கேடு ஏற்பட்டிருந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தொகுதி எண்ணுடன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதே தொகுதியின் மற்றப் பாக்கெட்டுகள் விற்றுத் தீர்வதற்குள் அவர் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும்.